‘போதும்’ என்பதும் ‘போகட்டும்’ என்பதும்
(தாயுமானவர் பாட்டு ஒன்றைப் பற்றிய ஆராய்ச்சி)

உள்ளதைக் கொண்டு மனநிறைவு எய்துக என்று கூறாத அறநூல் எம்மொழியிலும் இல்லை எனலாம். தமிழில் அக்கருத்தை விளக்கப் புகுவோர் பெரும்பாலும் தாயுமானவ அடிகளையே துணைக்கு அழைப்பர். ஆசையின் அளவின்மையைச் சொல்லித் தொடங்கும் அவர் பாட்டு ஒன்று கோயில் சொற்பொழிவிலும் பள்ளி விழா மேடையிலும் பலகாலும் எடுத்தாளப்படுகிறது. இவ்வளவு பயின்று வழங்கும் பாட்டுக்கு ஓர் இடர் உண்டு. பலர் நாவில் பட்டுப் பட்டு அதன் முனை மழுங்கிவிடும். பாட்டைக் கேட்கும்போதே, ‘ஆம், போதுமென்ற மனம் வேண்டும்’ என்று தலையசைத்துவிட்டு நாம் அப்பால் சென்றுவிடுகிறோம். எதைப் போதும் என்கிறார், யாரை நோக்கிச் சொல்கிறார், எப்பொழுது சொல்கிறார் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புவதில்லை.

இவ்வினாக்கள் ஏட்டளவில் நின்றுவிடுவன அல்ல. ஜொகூர் மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களில் மூன்று தலைமுறை வாழ்ந்த நம் மக்களிடம், ‘இருப்பதே போதும்’ என்னும் சொல் ஆறுதலாகவும் வந்திருக்கிறது. வாயடைக்கும் பூட்டாகவும் வந்திருக்கிறது. ஆகவே அப்பாட்டைச் சொல் சொல்லாக எடுத்து நோக்குவது நம் கடமை.

பாட்டின் அமைப்பு

இப்பாட்டு ‘பரிபூரணானந்தம்’ என்னும் பதிகத்தின் பத்தாம் பாட்டு. பன்னிரு சீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தத்தால் ஆனது. இதன் கருத்தைச் சுருக்கிக் கூறுவோம். உலகம் முழுவதையும் ஆளும் வேந்தன் கடலின் மீதும் தன் ஆணை செல்ல வேண்டும் என எண்ணுகிறான். குபேரனுக்கு நிகராகப் பொன் குவித்தவன் இரும்பைப் பொன்னாக்கும் இரசவாதத்துக்கு அலைகிறான். நெடுநாள் வாழ்ந்தவன் இன்னும் வாழக் காயகற்பம் தேடி நெஞ்சு புண்ணாகிறான். எண்ணிப் பார்த்தால், எல்லாம் பசி தீர உண்பதிலும் உறங்குவதிலும் வந்து முடிகின்றன. ஆகவே உள்ளது போதும் என்கிறார் அடிகள். ‘நான் நான்’ என்று பிதற்றி, ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றிப் பாசக் கடலில் விழாதபடி, மனம் அடங்கிய தூய நிலையை அருள வேண்டும் என்று பரம்பொருளை இரந்து பாட்டை முடிக்கிறார்.

ஈண்டு முதலில் நாம் காண வேண்டியது, அடிகள் எடுத்துக் காட்டும் மூவரும் யாவர் என்பது. ஒருவன் மண் நிறைந்தவன்; ஒருவன் பொன் நிறைந்தவன்; ஒருவன் நாள் நிறைந்தவன். ஏழை ஒருவனும் இப்பட்டியலில் இல்லை. குடிசை வேண்டுபவனையோ, அரை வயிற்றுக்குக் கூழ் தேடுபவனையோ ஆசைக்கு எடுத்துக்காட்டாகக் கூற அவர் நா எழவில்லை. இது தற்செயலாக அமைந்தது ஆகாது. அடிகளின் வரலாற்றை மரபு கூறுமாறு நோக்கினால், அவர் திருச்சிராப்பள்ளியில் விசயரங்க சொக்கநாத நாயக்கரின் அரசியலில் கணக்குப் பொறுப்பு வகித்தவர். அந்நாயக்கர் 1706 முதல் 1732 வரை ஆண்டவர். அரண்மனையையும் கருவூலத்தையும் அருகிருந்து கண்டவருக்கு, எவனிடம் ஆசை பெருகுகிறது என்பது கணக்கேட்டிலேயே தெரிந்திருக்கும். நிறைய உடையவனே மேலும் வேண்டுகிறான் என்பது இப்பாட்டின் முதற் செய்தி.

‘பசி தீர’ என்னும் சொற்கள்

அடுத்து, பாட்டின் நடுவில் நிற்கும் ‘பசி தீர’ என்னும் இரு சொற்களை நோக்குவோம். மூவரின் ஓட்டத்தையும் கூறிய பின், எல்லாம் இறுதியில் உணவிலும் உறக்கத்திலும் முடியும் என்று கணக்கை முடிக்கிறார் அடிகள். உண்பது என்று மட்டும் கூறியிருந்தால் பொருள் குறைவுபட்டிருக்காது. யாப்புக்கு வேறு சொல்லும் கிடைத்திருக்கும். ஆயினும் பசி தீருமளவு உண்பதே கணக்கின் இறுதி வரியாக வைக்கப்பட்டிருக்கிறது. ‘போதும்’ என்னும் சொல் அதற்குப் பின்னரே வருகிறது.

இவ்வரிசை முறை பொருள் உடையது. பசி தீர்ந்தவனுக்கே அடிகள் போதும் என்று கூறுகிறார். பசி தீராதவனுக்கு இப்பாட்டு இன்னும் தொடங்கவே இல்லை. அவனிடம் இப்பாட்டை எடுத்துச் சென்று, ‘இருப்பது போதும், மேலே கேளாதே’ என்று கூறுபவர் தாயுமானவரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

இனி, ‘உள்ளது’ என்னும் சொல்லைக் காண்போம். உலக வழக்கில் அது நம் கையில் இருக்கும் பொருளைக் குறிக்கும். தத்துவ வழக்கில் என்றும் இருப்பதாகிய மெய்ப்பொருளையும் குறிக்கும்; ‘சத்து’ என்னும் வடசொல்லுக்கு நேரான தமிழ் அது. வேதாந்தத்தையும் சித்தாந்தத்தையும் ஒருசேரப் போற்றிய அடிகளின் வாயில் அச்சொல் ஒரு பொருளோடு நின்றுவிடும் என்று கொள்வதற்கில்லை. கையில் உள்ள காசு போதும் என்று மட்டும் கொண்டால் பாட்டு சிக்கன உபதேசமாகச் சுருங்கிவிடும். என்றும் உள்ள பொருள் போதும் என்று மட்டும் கொண்டால் இல்லறத்தானுக்கு எட்டாததாகிவிடும். இரண்டையும் சேர்த்துக் கொள்ளும்போதுதான் கருத்து முழுமை பெறுகிறது. மெய்ப்பொருள் எங்கும் நிறைந்திருக்கிறது என்று உணர்ந்தவனுக்கு, கையில் இருப்பதன் அளவு அவன் மதிப்பின் அளவு ஆகாது.

காலம் காட்டும் இலக்கணம்

மனநிறைவு காலத்தோடு தொடர்புடையது. நேற்றைய இழப்பையும் நாளைய வேட்கையையும் தாங்கி நிற்கும் நெஞ்சுக்கு இன்றைப் பொழுது கிட்டுவதில்லை. இதைப் பாட்டின் வினைச் சொற்களே காட்டுகின்றன. வேந்தனும் செல்வனும் முதியவனும் செய்வன யாவும் எதிர்கால வடிவில் உள்ள முற்றுகளால் கூறப்படுகின்றன. ‘இவை இயல்பைக் கூறும் வடிவம், காலம் குறித்தன அல்ல’ என்று இலக்கணம் வல்லார் மறுக்கலாம், அதுவும் பொருந்தும். ஆயினும் அவர்கள் நாடும் பொருள் மூன்றும் இனி வரவேண்டியவை என்பதில் ஐயம் இல்லை. இதற்கு மாறாக, பதிகம் முழுதும் திரும்பத் திரும்ப வரும் இறுதித் தொடரில் பரம்பொருளைக் குறிக்கும்போது, ‘நிறைகின்ற’ என்னும் நிகழ்காலப் பெயரெச்சம் ஆளப்பட்டிருக்கிறது. ஆசை நாளையில் இருக்கிறது. ஆனந்தம் இன்றில் நிறைகிறது. ஆசிரியர்கள் வகுப்பில் பெயரெச்சம் கற்பிக்கும்போது இதை எடுத்துக் காட்டினால், இலக்கணமும் தத்துவமும் ஒரே பாடமாகும்.

ஒரு மறுப்பு

‘தாயுமானவர் நிறைவைப் பாடியவர் என்கிறீர், அவர் நூலில் எந்நாட்கண்ணி என்று ஒரு பெரும் பகுதி இருக்கிறதே! அந்நாள் எந்நாளோ என்று கண்ணிதோறும் ஏங்குகிறாரே! நாளையை நோக்கிய ஏக்கம் அது அன்றோ?’ என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய வினாவே. நாம் எடுத்துக்கொண்ட பாட்டும் ‘அருள வேண்டும்’ என்னும் வேண்டுகோளோடுதான் முடிகிறது. போதும் என்று கூறும் பாட்டே கையேந்துகிறது.

இதை முரண் என்று தள்ளுவதற்கில்லை. அடிகள் பொருளில் போதும் என்கிறார். தம் பக்குவத்தில் போதாது என்கிறார். நம்மில் பலர் இதை மாற்றிச் செய்கிறோம். நம் பண்பில் முழு நிறைவு கொண்டிருக்கிறோம். பொருளில் குறை கண்டு அழுகிறோம். மனநிறைவு என்பது வேட்கை முற்றும் அவிந்த நிலை என்று கொண்டால், எந்நாட்கண்ணியை நூலிலிருந்து நீக்க வேண்டியிருக்கும். வேட்கை தன் இடம் அறிந்து நிற்கும் நிலை என்று கொண்டால் இரண்டு பகுதிகளும் ஒன்றையொன்று விளக்கும். பின்னதே நூலுக்குப் பொருந்திய உரை.

மறைநூல்கள் கேட்கத் தடுக்கவில்லை

வள்ளுவர் அவாவறுத்தலை முப்பத்தேழாம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்தார். அதே வள்ளுவர் அறுபத்திரண்டாம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைக் கூறி, முயற்சியின்றிக் கிடப்பதைக் கடிந்தார். நூற்றேழாம் அதிகாரமாகிய இரவச்சத்தில், சிலர் இரந்தே உயிர் வாழ வேண்டும் என்பது படைத்தவன் விதியானால் அவனும் அலைந்து கெடட்டும் என்று சினந்தார். அறநூல் ஒன்றில் இத்துணைக் கடுமையான சொல்லைக் காண்பது அரிது. அதே அதிகாரத்தில், தன் முயற்சியால் வந்தது தெளிந்த நீர்போன்ற கூழேயாயினும் அதனினும் இனியது இல்லை என்கிறார். இதுவன்றோ மனநிறைவு! கூழ் இனிக்கிறது; ஆனால் அது தாள் தந்த கூழ் என்னும் நிபந்தனையோடு இனிக்கிறது. பிறர் பறித்தது போக எஞ்சிய கூழைப் பற்றி வள்ளுவர் இவ்வாறு கூறவில்லை.

திருமுறைகளை நோக்கினாலும் இவ்வாறே. திருவீழிமிழலையில் வற்கடம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் படிக்காசு வழங்கியதாகப் பெரியபுராணம் கூறுகிறது. சம்பந்தர் பெற்ற காசு வாசி கழித்தே மாற்றப்பட்டதால், அடியவர்க்கு அமுது படைக்கக் காலம் தாழ்ந்தது. அப்பர் கைத்தொண்டு செய்பவர் ஆதலால் அவர் காசில் வாசி இல்லை. சம்பந்தர் ‘கிடைத்தது போதும்’ என்று வாளாவிருந்தாரா? வாசி நீங்கிய காசு தர வேண்டும் என்று இறைவனிடமே பாடி வழக்குரைத்தார். அப்பதிகம் முதல் திருமுறையில் உள்ளது. உடல் உழைத்தவர்க்குக் கூலி குறைவின்றி வர வேண்டும் என்னும் நீதியும் அக்கதையின் உள்ளேயே அமைந்திருக்கிறது. சுந்தரரோ, குண்டையூரில் பெற்ற நெல்லைத் திருவாரூருக்குச் சுமந்து செல்ல ஆள் வேண்டும் என்று திருக்கோளிலி இறைவனைக் கேட்டார். வீட்டில் பரவையார் பசியால் வாடாதிருக்க வேண்டும் என்பதே அவர் கவலை. இவர்களை ஆசைக்காரர் என்று எவரும் கூறியதில்லை.

பிற சமய நூல்களிலும் இந்நடுநிலை காணப்படுகிறது. கீதையின் நான்காம் அத்தியாயம் தானே வந்ததில் மகிழ்பவனைப் புகழ்கிறது. ஆனால் அந்நூல் முழுதும், வில்லைக் கீழே போட்டு அமர்ந்துவிட்ட ஒருவனை எழுப்புவதற்காகச் சொல்லப்பட்டது. பவுல் அடிகளார் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில், எந்நிலையிலும் மனநிறைவோடு இருக்கக் கற்றேன் என்கிறார். அதே விவிலியத்தில் யாக்கோபின் திருமுகம், வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்த செல்வரைக் கண்டிக்கிறது. இசுலாமியர் ‘கனாஅத்’ என்று போற்றும் நிறைவும் உழைப்பை விலக்கிய ஒன்றன்று. தாயுமானவரைப் போலவே கண்ணிகள் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) இந்நெறியைத் தமிழில் வளர்த்தவர்.

ஜொகூரில் இச்சொல்லின் வாழ்வு

இவற்றை மனத்திற்கொண்டு நம் மாநிலத்தின் பக்கம் திரும்புவோம். குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய் முதலிய வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகியபோது, விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால் நன்கு சொட்டும் குளிர்ந்த வேளையிலேயே மரம் வெட்டி, மங்குப் பாலை வாளியில் சேர்த்து, தோளில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டு வந்தவர்கள் நம்மவர். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் நாட்கூலியும் இல்லை. இந்நிலையில் ‘நம் தலையெழுத்து இவ்வளவுதான், போகட்டும்’ என்னும் பேச்சு லயங்களில் வழங்கியது. அப்பேச்சுக்குச் சமயத்தின் சாயம் பூசுவது எளிதாயிற்று.

‘போகட்டும்’ என்பதும் ‘போதும்’ என்பதும் ஒன்றல்ல. போதும் என்பவன் அளந்து பார்த்து, நிறைந்தது என்று தானே முடிவு செய்கிறான். போகட்டும் என்பவன் அளப்பதையே கைவிடுகிறான். முன்னது உரிமை உடையவன் சொல். பின்னது உரிமை இழந்தவன் சொல். வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இருவர் முகமும் அமைதியாகவே தோன்றும்.

தோட்டத்து மக்கள் முழுதும் போகட்டும் என்று இருந்துவிடவில்லை என்பதற்கு வரலாறு சான்று. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. நாட்கூலிக்கு மாறாக நிலையான மாதச் சம்பளம் வேண்டும் என்னும் கோரிக்கை நெடுங்காலம் ஒலித்தது. குறைந்தபட்சச் சம்பள ஆணை 2012-இல் வகுக்கப்பட்டு, 2013 சனவரியில் தீபகற்பத்துக்கு மாதம் 900 ரிங்கிட் என நடப்புக்கு வந்தது. இவற்றைக் கேட்டவர்களும் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தேவாரம் பாடியவர்களே. பாடியதால் கேட்காமல் இருந்துவிடவில்லை. கேட்டதால் பாடுவதை நிறுத்தவும் இல்லை. ஜொகூர் பாருவில் 1922-இல் எளிய கொட்டகையாக எழுந்த இராஜகாளியம்மன் கோயில் இன்று கண்ணாடிச் சில்லுகளால் ஒளிர்கிறது. கொட்டகையிலும் நிறைவோடு வழிபட்டவர்களே அதை வளர்த்தனர். நிறைவு வளர்ச்சிக்குத் தடை என்பார் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்று நிலை மாறியிருக்கிறது. பல தோட்டங்கள் கைமாறின. இரப்பர் நின்ற இடத்தில் எண்ணெய்ப்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் பலர் மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் முதலிய இடங்களில் வாழ்கின்றனர். அவர்களுள் கணிசமானோர், 1924-இல் முறையாகத் திறக்கப்பெற்ற ஜொகூர் பாலத்தை மோட்டார் சைக்கிளில் இருள் பிரியுமுன் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அப்பாவுக்குப் பால்மரம்; மகனுக்குப் பாலம். எழும் நேரம் மட்டும் மாறவில்லை.

இம்மகனிடம் தாயுமானவர் என்ன கூறுவார்? ‘போகாதே, இருப்பது போதும்’ என்பாரா? பாட்டை மேற்கண்டவாறு கற்றவர் அவ்வாறு கூறார். வீட்டுக் கடனும் பிள்ளை படிப்பும் தேவைகள். தேவை நிறைவேறினால் நின்றுவிடும். முதல் வீட்டுக்குப் பின் இரண்டாம் வீடு, நல்ல காருக்குப் பின் அண்டை வீட்டானுடையதை விடப் பெரிய கார் என்று வரும்போதுதான், கடல்மேல் ஆணை செலுத்த நினைத்த வேந்தன் நம் வாசலில் வந்து நிற்கிறான். ஆசை நிறைவேறினாலும் நிற்பதில்லை. இடம் பெயர்ந்து மேலே செல்லும். எது தேவை, எது ஆசை என்பதைப் பிறர் கூற இயலாது. அவனவன் தனித்திருந்து கேட்டுக்கொள்ள வேண்டிய வினா அது. அவ்வாறு கேட்கும் சிறு பொழுதையே அருள் நூலைச் சிந்தித்தல் என்கிறோம். அப்பொழுது நாளையும் இல்லை, நேற்றும் இல்லை. ‘நிறைகின்ற’ என்னும் நிகழ்காலம் ஒன்றே இருக்கிறது.

ஆசிரியர்க்கு

‘வேதாந்த சித்தாந்தப் பாட்டு ஒன்றில் கூலியையும் சங்கத்தையும் புகுத்துவது முறையோ?’ என்று சிலர் வருந்தலாம். நாம் புகுத்தவில்லை. பாட்டு கூலியைப் பற்றிப் பேசவில்லை என்பது உண்மை. அதுபோலவே பசித்தவனை அடங்கியிரு என்றும் அது பேசவில்லை. பேசாத ஒன்றை அதன் பேரில் பேசாதிருப்போம் என்பதே நம் வேண்டுகோள்.

மலேசியத் தமிழ்ப் பள்ளிப் பாடத்தில் செய்யுளும் மொழியணியும் தனிக் கூறாக உள்ளது. செய்யுளை மனப்பாடம் செய்து, அதன் பொருளைச் சில வரிகளில் எழுதி மதிப்பெண் பெறுவது வழக்கம். அவ்வழக்கில் நன்மை உண்டு. பாட்டு நாவில் தங்குகிறது. ஆனால், ‘ஆசையை ஒழித்து இருப்பதைக் கொண்டு வாழ வேண்டும்’ என்று பொருளை ஒரே வரியில் முடித்துவிட்டால், சென்ற தலைமுறையின் தோளில் ஏற்றப்பட்ட சுமையையே அடுத்த தலைமுறையின் தோளிலும் ஏற்றியவர்கள் ஆவோம். மாறாக, இப்பாட்டில் வருபவர் யாவர், அவர்களிடம் என்ன இருக்கிறது, இன்னும் என்ன கேட்கின்றனர், நம் வீட்டில் நாம் கேட்பது அத்தகையதா என்று நான்கு வினாக்களை மாணவர் முன் வைத்துப் பாருங்கள். காலை உணவின்றி வந்த சிறுவனும், புதிய கைப்பேசிக்கு அடம்பிடித்த சிறுவனும் ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பார்கள். முன்னவனுக்கு இப்பாட்டு ஒரு குறையும் சொல்லவில்லை என்பதை இருவரும் அறிந்து எழ வேண்டும்.